‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதிருப்போம்

வற்றாப்பளையில் வசிக்கும் சகோதரி ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு பிளாஸ்ரிக் பையைத் தந்தார். நான்கு வருடக் கடதாசிகள் அதற்குள் இருந்தன. இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், கடன்பட்டு எடுத்த ஸ்கான் ஒன்று, மூலை மடிந்து கிழிந்த கிளினிக் கொப்பிகள் மூன்று. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவர் நந்திக்கடலில் தொழில் செய்பவர். காலபோகத்தில் ஒரு துண்டு வயலும், பிறகு கொஞ்சம் கச்சானும் செய்கிறார்கள். வீட்டு வேலை, வளவு வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

“எல்லா ரிப்போட்டிலையும் ஒண்டுமில்லை எண்டுதான் கிடக்கு. ஆனா காலமை எழும்பேக்கை ஆரோ அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு முழுக்க உளையுது. நித்திரை கொண்டாலும் கொள்ளாத மாதிரித்தான்” என்றார் அவர்.

சென்ற மாதம் தூரத்து வைத்தியசாலை ஒன்றில் வாதநோய் நிபுணர் ஒருவர் அவரை அரை மணித்தியாலம் விசாரித்து, உடம்பைத் தொட்டுப் பார்த்து, அந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னாராம். பைப்ரோமயல்ஜியா. அந்தப் பெயரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தார். அது என்ன வருத்தம், மாறுமா, உயிருக்கு ஆபத்தா என்று எம்மிடம் கேட்டார். கடைசியாக இன்னொன்றும் கேட்டார்: “இனியாவது வீட்டிலை நம்புவினமோ?”

முதல் மூன்று கேள்விகளுக்கும் மருத்துவம் பதில் சொல்லும். நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆகவேதான் இதனை எழுதுகின்றோம்.

பெயரும் அதன் கதையும்

அந்தப் பெயருக்கு அஞ்ச வேண்டியதில்லை. நார் இழையத்தையும் தசையையும் நோவையும் குறிக்கும் மூன்று சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. வருத்தம் பழையது, பெயர்தான் புதியது. 1904இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இதனை நார் இழையத்தில் ஏற்படும் அழற்சி என்று எண்ணி அதற்கேற்ற ஒரு பெயரை வைத்தார். பின்னர் பார்த்தபோது அங்கே அழற்சி எதுவும் காணப்படவில்லை. 1976இல்தான் இன்றைய பெயர் வழக்குக்கு வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம், உடம்பில் பதினெட்டு இடங்களை அழுத்திப் பார்த்துப் பதினொரு இடங்களில் நோவிருந்தால் இவ்வருத்தம் எனலாம் என்று ஒரு விதி செய்தது. 2010இல் அந்த விதியை மாற்றி, நோவு உடம்பில் எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, களைப்பு எவ்வளவு, நித்திரை ஆறுதல் தருகிறதா, ஞாபகம் தடுமாறுகிறதா என்பவற்றைக் கேட்டு அறியும் முறையைக் கொண்டுவந்தது. இவை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும் என்பதும் விதி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வருத்தத்தைக் கண்டுபிடிக்க இயந்திரம் இல்லை. இரத்தப் பரிசோதனையும் இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்பதே இங்கு முதற் பரிசோதனை. இரத்தமும் படமும் எடுப்பது வேறு வருத்தங்கள் இல்லை என்று உறுதி செய்வதற்காகவே. தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, மூட்டு வீங்கும் வாதம், விற்றமின் டி குறைபாடு, நீரிழிவால் வரும் நரம்புக் கோளாறு ஆகியனவும் உடம்பு நோவைத் தரலாம். ஆகவே அந்தச் சகோதரியின் பையிலிருந்த கடதாசிகள் வீண் போகவில்லை. அவை எவையெல்லாம் அல்ல என்று சொல்லிவிட்டன. ஆனால் ‘இந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லப்பட வேண்டிய இடத்தில், அவருக்கு ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்றே சொல்லப்பட்டது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டின் விலை அவருக்கு நான்கு வருடங்கள்.

உலகில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இவ்வருத்தத்துடன் வாழ்கிறார்கள் என்று கணக்கிடப்படுகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டாலும் ஆண்களுக்கும் இது வரும். ஆண்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. 2017இல் உலகப் புகழ் பெற்ற பாடகி லேடி காகா தமக்கு இவ்வருத்தம் இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். மேடையில் ஆடுகிறவருக்கும் வயலில் குனிகிறவருக்கும் வரக்கூடிய ஒரு வருத்தத்தைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

குலைத்துக்கொண்டிருக்கும் நாய்

காயமில்லை, வீக்கமில்லை, எலும்பில் பழுதில்லை. அப்படியானால் நோவு எங்கிருந்து வருகிறது? அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன உதாரணத்தையே இங்கும் சொல்கிறோம்.

வளவில் ஒரு காவல் நாய் நிற்கிறது. கள்ளன் வந்தால் குலைப்பது அதன் வேலை. நோவும் அப்படித்தான். முள்ளுக் குத்தினால், நெருப்புச் சுட்டால் நரம்பு குலைக்கிறது. நாம் கையை இழுத்துக்கொள்கிறோம். ஆனால் இரவு பகலாகத் தொந்தரவு கண்ட நாய், நாளடைவில் ஓலை விழுந்தாலும் குலைக்கத் தொடங்குகிறது. கள்ளன் இல்லை என்பது உண்மை. நாய் குலைப்பதும் உண்மை. அந்தச் சத்தத்தில் வீட்டில் எவருக்கும் நித்திரை இல்லை என்பதும் உண்மை.

மூளையும் முண்ணாணும் நோவுச் செய்தியைக் கூட்டிக் கேட்கும் நிலைக்குப் போய்விடுவதே இவ்வருத்தத்தின் மையம் என்று இன்று கருதப்படுகிறது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வருத்தம் உள்ளவர்களின் பெருவிரல் நகத்தை மெல்ல அழுத்தி, அதே வேளையில் மூளையைப் படம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் தொடுகையாகத் தெரிந்த அதே அழுத்தம், இவர்களின் மூளையில் நோவைக் காட்டும் பகுதிகளைத் தூண்டிற்று. அவர்கள் நடிக்கவில்லை. 2017இல் நோவு பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் இப்படியான நோவைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு.

நித்திரைக்கும் இதில் பெரிய பங்குண்டு. 1970களில் கனடாவில் சுகதேகிகள் சிலரின் ஆழ்ந்த நித்திரையைச் சில இரவுகள் தொடர்ந்து குழப்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் உடம்பு உளைவும் களைப்பும் வந்தன. நோவினால் நித்திரை குழம்புகிறது, நித்திரை குழம்புவதால் நோவு கூடுகிறது. செக்குமாடு போல ஒரே வட்டம்.

எங்கள் மண்ணில்

இந்தக் காவல் நாயின் கதையை வன்னியில் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அதிகமில்லை. வற்றாப்பளை மக்கள் 2004 டிசம்பர் 26ஆந் திகதி அயற்கரையான முல்லைத்தீவைக் கடல் கொண்டு போனதைக் கண்டவர்கள். 2009இன் முதல் மாதங்களில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பதுங்குகுழியிலும் தறப்பாளுக்குள்ளும் கிடந்து, மே மாதத்தில் நந்திக்கடற் கரையில் உறவுகளை இழந்து, பின் முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள். மாதக்கணக்காக முழு நித்திரை இல்லாதிருந்த உடம்புகள் இவை.

யாழ்ப்பாணத்து உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு மனவடு பற்றி எழுதினார். தனி மனிதருக்கு மாத்திரமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் கூடக் காயம் படுகிறது என்பது அவர் காட்டிய உண்மை. எங்கள் மக்கள் துயரத்தை உடம்பின் மொழியிற் சொல்வது வழக்கம். நெஞ்சு பாரமாக இருக்கிறது, தலை எரிகிறது, கைகால் சோர்கிறது என்று சொல்வோமே தவிர, மனம் உடைந்துவிட்டது என்று டொக்டரிடம் சொல்வதில்லை.

ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, போர் கண்ட எல்லோருக்கும் இவ்வருத்தம் வரவில்லை. போரே காணாதவர்களுக்கும் இது வருகிறது. பரம்பரை, தொற்றுநோய், விபத்து, தொடர்ந்த நித்திரையின்மை எனப் பல வழிகள் உள்ளன. 2006ஆம் ஆண்டின் கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய சிக்குன்குனியாவின் பின் மாதக்கணக்காக மூட்டு நோவுடன் இருந்தவர்களை நாம் அறிவோம். இரண்டாவது, எல்லா நோவையும் இந்தப் பெயருக்குள் போட்டுவிடக் கூடாது. எறிகணைச் சிதறல்களை உடம்பில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நோவுக்குக் காரணம் வேறு, வழியும் வேறு. மூட்டு வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் தொடர்ந்தால், காரணமின்றி உடம்பு மெலிந்தால், கைகால் பலமிழந்தால், சலமலம் போவதில் மாற்றம் கண்டால், ‘எனக்குத்தான் பெயர் சொல்லியாச்சே’ என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெயர் கிடைத்த மறுநாள்

பெயர் கிடைத்த அன்று அந்தச் சகோதரி அழுதாராம். நான்கு வருடமாகச் சொன்னது பொய்யல்ல என்று தெரிந்த நிம்மதி ஒரு பக்கம். அடியோடு மாற்றும் மருந்து இல்லை என்று கேட்ட கவலை மறுபக்கம். இரண்டும் நியாயமானவை. புதிதாக இப்பெயரைக் கேட்டவர்கள் மூன்று விடயங்களை முதலில் மனதில் வைக்கலாம். இவ்வருத்தம் உயிரைக் கொல்வதில்லை. மூட்டை அரிப்பதில்லை, கைகாலை முடமாக்குவதில்லை. நோவு முற்றாக நீங்காவிட்டாலும், நோவு ஆளை நடத்தும் நிலையிலிருந்து ஆள் நோவை நடத்தும் நிலைக்கு வரலாம்.

இதில் அதிகம் பயன் தருவது எதுவென்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். 2016இல் ஐரோப்பிய வாதநோய் நிபுணர் அமைப்பு எல்லாச் சிகிச்சைகளையும் நிறுத்துப் பார்த்து, உறுதியாகச் சிபார்சு செய்தது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. உளைகிற உடம்பை அசைக்கச் சொல்வது கொடுமை போலத் தோன்றும். “வீட்டு வேலை செய்யிறனே, அது காணாதோ?” என்றும் கேட்பார்கள். காணாது. வேலை உடம்பை ஒரே பக்கமாக வளைக்கிறது. அளவும் எம் கையில் இல்லை. பயிற்சி அப்படியல்ல. ஐந்து நிமிடம் நடந்து மறுநாள் படுக்கவில்லை என்றால் அதுவே ஆரம்பம். ஒரு கிழமை அதே ஐந்து நிமிடம். அடுத்த கிழமை ஆறோ ஏழோ. வெயிலுக்கு முன் ஒழுங்கை முனைவரை போய்வந்தாற் போதும். முதற் கிழமைகளில் நோவு சற்றுக் கூடலாம். அதனால் எதுவும் பழுதாகிவிடவில்லை என்று அறிந்திருந்தால் பயம் குறையும்.

அடுத்தது வேலையைப் பங்கிடுதல். இவ்வருத்தம் உள்ளவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றுண்டு. ஒரு நாள் உடம்பு இலேசாக இருக்கும். அன்றைக்கே உடுப்பெல்லாம் தோய்த்து, வளவு கூட்டி, மிளகாய் வறுத்து, மா அரித்து முடித்துவிடுவார்கள். பிறகு மூன்று நாள் பாய். நல்ல நாளில் அடக்கமாகவும், கெட்ட நாளில் முற்றாகப் படுத்துவிடாமலும் இருப்பதே கெட்டித்தனம். இருபது நிமிடம் வேலை, பிறகு சற்று இருத்தல். நோவு வந்தபின் இருப்பது ஓய்வல்ல, தோல்வி. நோவு வருவதற்கு முன் இருப்பதே ஓய்வு.

செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களும் உண்டு. குனிந்து ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவதற்குப் பதில் தும்புத்தடி. நிறைகுடத்துக்குப் பதில் இரண்டு அரை வாளி. நிலத்தில் குந்தியிருந்து சமைப்பதற்குப் பதில் அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்திய மேடை. கச்சான் ஆயும்போது முதுகு சாய ஒரு கதிரை. படுக்கைக்குப் போகும் நேரமும் எழும்பும் நேரமும் தினமும் ஒன்றாக இருத்தல். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறைத்தல். எங்கள் பாட்டிமார் நொச்சியிலை அவித்த சுடுநீரில் குளிக்கச் சொன்னார்கள். சூடு தசைக்கு இதமானது. அது வருத்தத்தை மாற்றாவிட்டாலும் இரவை இலகுவாக்கும்.

குளிசையும் ஊசியும்

மருந்துகளும் உண்டு. இரவில் சிறிய அளவில் எடுக்கும் அமிற்றிப்ரிலின் என்னும் குளிசையைப் பல வைத்தியர்கள் முதலில் கொடுப்பார்கள். இங்கே ஒரு பிரச்சினை எழுகிறது. கொப்பியைப் பார்த்த அயலவர் ஒருவர், “இது மனவருத்தக்காரருக்குக் குடுக்கிற குளிசையெல்லே” என்றாராம். சகோதரி மூன்று நாளில் நிறுத்திவிட்டார். அந்த மருந்து மனச்சோர்வுக்குப் பெரிய அளவில் கொடுக்கப்பட்டது உண்மைதான். சிறிய அளவில் அது நித்திரையைத் திருத்தி நரம்பின் சத்தத்தைக் குறைக்கிறது. அஸ்பிரின் காய்ச்சலுக்கும் கொடுக்கப்படுகிறது, இருதய வருத்தத்துக்கும் கொடுக்கப்படுகிறது. அதுபோலத்தான் இதுவும். நிறுத்துவதானாலும் கூட்டுவதானாலும் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

2007இல் இவ்வருத்தத்துக்கென அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற பிரீகபலின் என்ற மருந்தும் சிலருக்கு எழுதப்படுகிறது. அதே மருந்தைப் போதைக்காக விற்பவர்கள் பொலிசாரிடம் பிடிபடும் செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். வீட்டில் இளைஞர்கள் இருந்தால் குளிசைப் பெட்டியைப் பொறுப்பாக வைத்திருப்பது நல்லது.

ஆனால் எம் கிராமங்களில் நடப்பது வேறு. நோவென்றதும் கடையில் டைக்குளோபினாக். அதற்கும் கேட்காவிட்டால் ‘ஒரு ஊசி போட்டால் சுகம்’ என்ற பேச்சு. பெயரில்லாத தூள்களும் கலவைக் குளிசைகளும் கூட வருகின்றன. அவற்றில் சிலவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாள் உடம்பு பறக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு மெலியும். அழற்சியே இல்லாத இவ்வருத்தத்துக்கு அழற்சி மருந்தும் ஸ்ரீரொயிட்டும் பெரும் பயன் தருவதில்லை. மேலும் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ளது யாவரும் அறிந்ததே. டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை நாட்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கூடாது. நோவுக்குப் போட்ட குளிசையால் சிறுநீரகத்தை இழக்க எங்களால் முடியுமா?

மனம் மிகவும் சோர்ந்து, வாழ்வதே வெறுத்துப் போகும் நாட்களும் வரலாம். அதை மறைக்கக் கூடாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசலாம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கலாம். நோவுள்ளவர் மனதைக் கவனிப்பதால் நோவு கற்பனை என்று ஆகிவிடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

அந்தச் சகோதரியின் மாமி கெட்டவர் அல்ல. “நாங்கள் உந்த வயசிலை பிள்ளையை மர நிழலிலை வளர்த்திப்போட்டு அருவி வெட்டினனாங்கள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் ஒரு வருத்தம்” என்று அவர் சொல்வது தன் உழைப்பின் பெருமையில் சொல்வது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட மருமகள் அன்று நோவோடு வயலுக்குப் போய், அடுத்த நான்கு நாளும் எழும்பவில்லை. நம்பாமை வெறும் மனவருத்தத்தைத் தருவதோடு நிற்பதில்லை. ஆளை அளவு மீறச் செய்து நோவையும் கூட்டிவிடுகிறது.

நாம் மாமியுடன் இருந்து கதைத்தோம். நாயின் கதையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை உளையும். ஆரிட்டைச் சொல்லுறது?” என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஒரு தலைமுறை வாய் திறக்கவில்லை. அடுத்த தலைமுறை வாய் திறந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தோம்.

கணவர்மாருக்கும் ஒரு சொல். இரக்கம் காட்டி ஒரு நாள் சமைப்பதிலும், தினமும் தண்ணீர் அள்ளுவதை நிரந்தரமாகப் பொறுப்பேற்பது மேல். பிள்ளைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்க்கலாம். ஆண் பிள்ளையும் வளவு கூட்டலாம். அதே வேளையில் ‘நீ ஒன்றும் செய்யாதே, படு’ என்பதும் உதவி அல்ல. செய்யக்கூடியதைச் செய்யவிட்டு, செய்ய முடியாததைச் சண்டையின்றிப் பங்கு போடுவதே உதவி.

நோயாளியும் விளக்கம் சொல்லிக் களைக்க வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சொல்ல ஒரு பதிலை அந்தச் சகோதரியுடன் சேர்ந்து ஆயத்தம் செய்தோம்: “எலும்பிலை பழுதில்லை. நரம்பு நோவைக் கூட்டிச் சொல்லுது. மருந்தும் எடுக்கிறன், நடக்கிறன். மெல்ல மெல்லச் செய்வன்.” அவ்வளவு போதும். நம்புகிறவர் நம்பட்டும்.

மறுப்புச் சொல்வோருக்கு

இரண்டு பக்கத்திலிருந்தும் எமக்கு மறுப்பு வருகிறது. ஒரு சாரார், பெயர் வைத்தால் அதைச் சாட்டி ஆட்கள் படுத்துவிடுவார்கள் என்கின்றனர். நாம் கண்டது இதற்கு மாறானது. பெயர் இல்லாத காலத்தில்தான் அந்தச் சகோதரி ஒவ்வொரு கிளினிக்காக அலைந்து, கடன்பட்டு, பயந்து படுத்தார். பெயர் வந்தபின் அலைச்சல் நின்றது, நடை தொடங்கியது.

மறு சாரார் சொல்வது இன்னும் கனமானது. காணியை இழந்தவரின், பிள்ளையைத் தேடும் தாயின் துயரத்துக்கு மருத்துவப் பெயர் ஒன்றை வைத்துக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுவதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட மாட்டோம். 2017இல் அயற்கிராமமான கேப்பாப்புலவின் மக்கள் தம் காணிக்காக மாதக்கணக்கில் வீதியோரத்தில் இருந்தபோது, அவர்களுக்கு வேண்டியிருந்தது காணியே அன்றிக் குளிசை அல்ல. நீதி செய்ய வேண்டியதை மருந்து செய்யாது. ஆனால் நீதி வரும்வரை நோவு காத்திருப்பதும் இல்லை. வீதியில் இருக்கும் தாயும் இரவில் நித்திரை கொள்ள வேண்டும். ஒன்றைக் கேட்பதற்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

இவ்வருத்தத்துக்கான சர்வதேச விழிப்புணர்வு நாள் மே 12 ஆகும். முள்ளிவாய்க்கால் நினைவு வாரம் தொடங்கும் நாளும் அதுவே. தற்செயலாக வந்த பொருத்தம்தான். ஆயினும் கஞ்சி வார்க்கும் அந்த வாரத்தில், உயிரோடு இருப்பவர்களின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் என்ன?

நாம் வேண்டுவது

பெரிய கட்டிடம் எதையும் நாம் கேட்கவில்லை. இங்கிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு கிளினிக்குக்கு விடியப் புறப்பட்டு இருட்டிய பின் வந்து சேர்பவருக்கு, அந்தப் பயணமே ஒரு கிழமை நோவைத் தருகிறது. 2022இன் நெருக்கடியில் பஸ் கட்டணம் ஏறி, மருந்தும் தட்டுப்பட்டபோது கிளினிக்கை விட்டவர்கள் பலர். ஆகவே மாதத்தில் ஒரு நாளாவது வாதநோய் நிபுணரும் இயன்மருத்துவரும் உளநல உத்தியோகத்தரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், மாவட்டத்துக்குள்ளேயே இவர்களைப் பார்க்க வழி செய்ய வேண்டும். தொடர்ந்து எடுக்கும் குளிசையைப் பக்கத்துக் கிராமிய வைத்தியசாலையிலேயே பெறவும் ஒழுங்கு வேண்டும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அரசாங்கத்தைப் பார்த்திருக்கத் தேவையில்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து கிழமையில் மூன்று நாள் காலையில் நடக்கலாம். தனியே நடந்தால் ‘வேலையில்லாமல் திரிகிறாள்’ என்பார்கள். கூட்டமாக நடந்தால் அது சங்கத்தின் வேலைத்திட்டம். குடும்பநல உத்தியோகத்தரைக் கூட்டத்துக்கு அழைத்து இந்த வருத்தம் பற்றிக் கேட்கலாம்.

வற்றாப்பளையில் எல்லோரும் அறிந்த கதை ஒன்றுண்டு. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு முதிய பெண் வந்தாள். அவர்கள் அவளுக்கு வேப்பிலையால் பந்தல் போட்டார்கள், பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது அவள் சொற்படி கடல்நீரை வார்த்து எரித்தார்கள். தலை கடிக்கிறது பார் என்றாள். விலக்கிப் பார்த்தார்கள், தலையெல்லாம் கண்களாக இருந்தன. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுக்கும் ஊர் முழுவதும் இதை நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சிறுவர்கள் ‘உனக்கு ஒன்றுமில்லை, போ ஆச்சி’ என்று சொல்லவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுப் பார்த்தார்கள்.

அந்தச் சகோதரி இப்போது ஒழுங்கை முனையைத் தாண்டி, பன்னிரண்டு நிமிடம் நடக்கிறார். நோவு போகவில்லை. சில கிழமைகளாக மாமியும் கூட நடக்கிறாராம். அடுத்த முறை எவராவது உங்களிடம் உடம்பு முழுக்க உளைகிறது என்று சொன்னால், தயவுசெய்து ‘ஒன்றுமில்லை’ என்று மாத்திரம் சொல்லாதீர்கள். இருக்கச் சொல்லி, எங்கே உளைகிறது என்று கேளுங்கள்.